மித்ரா எடுத்த படம்

ஜூலை 14, திங்கள்

வெயில், கூடவே காற்று. ஆடி பிறக்க இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதற்குள் மொட்டை மாடிக் கொடியிலிருந்து பா.வின் டிராக் பேண்ட் பறந்து எதிர்வீட்டு முருங்கையில் தொங்கியது. (கணவர் பெயரைத் தினமும் முழுசாக எழுதினால் கை வலிக்கும். பாஸ்கர் இனி பா.) ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பி.டி. வாத்தியார், மரம் ஏறப் பயம். துரட்டி கடன் வாங்கி வந்தார்.

எங்கள் கண் ஆஸ்பத்திரியில் புதுக் கேமரா வந்து ஒரு வாரம். கண்ணைத் தொடாது, சொட்டு மருந்தும் வேண்டாம். தாடையை வைத்து உள்ளே தெரியும் பச்சைப் பொட்டைப் பார்த்தால் போதும், விழித்திரை ஓரம் வரைக்கும் ஒரே படத்தில் விழும். வந்த அன்றே ஆளாளுக்கு உட்கார்ந்து எடுத்துக்கொண்டார்கள். வாட்ச்மேன் கண்கூட எடுத்தாயிற்று. பட்டனை அழுத்துகிறவள் நான், அதனால் நான் மட்டும் பாக்கி.

டாக்டர் லதா மேடம் உத்தரவு: குறைமாதத்தில் பிறந்து, விழித்திரை நோய்க்காகக் கைக்குழந்தையிலேயே எங்களிடம் லேசர் போட்டுக்கொண்ட பிள்ளைகளை எல்லாம் போன் போட்டுக் கூப்பிட வேண்டும். இப்போது அவர்களுக்கு ஆறு வயசு, ஏழு வயசு. லேசர் போட்ட ஓரம் மெலிந்திருக்கும், வருடாவருடம் பார்க்க வேண்டும். ஆனால் பலர் இரண்டு வயசோடு வருவதை நிறுத்திவிட்டார்கள். பிள்ளை ஓடுகிறது, விளையாடுகிறது, பிறகு எதற்கு வருவார்கள்.

காலை முழுக்கப் போன். காதில் விழுந்தவை:

"இன்சூரன்ஸ் வேணாங்க."

"அவனா? அவன் டியூஷன் போயிருக்கான். என்ன பண்ணினான்?"

"படம் புடிக்கணும்னா பட்டுப் பாவாடை கட்டி கூட்டியாரவா மேடம்?"

கட்டிக்கொண்டே வரச் சொன்னேன்.

சாயங்காலம் தொண்டை கட்டிவிட்டது. பா. மிளகு ரசம் வைத்தார். உப்பு இல்லை. சொல்லவில்லை.


ஜூலை 16, புதன்

பிள்ளைகள் வர ஆரம்பித்துவிட்டார்கள்! காத்திருக்கும் கூடம் பள்ளிக்கூட வராந்தா மாதிரி.

துறையூர்ப் பையன் ஒருவன், முன்பல் இரண்டும் இல்லை. அவனை முதலில் பார்த்தபோது என் முழங்கை நீளம்கூட இருக்க மாட்டான். இன்று கேமரா முன்னால் உட்கார்ந்து, "இதுல கேம் இருக்கா?" என்றான். காட்டூரிலிருந்து இரட்டைப் பெண்கள். யார் முதலில் என்று சண்டை. அதில் ஒருத்தி நிஜமாகவே பட்டுப் பாவாடை. (இவர்கள் அம்மாதான் போனில் கேட்டது.)

படங்கள் அழகு. ஆரஞ்சுப் பின்னணியில் ரத்தக்குழாய்கள் கிளை கிளையாக, ஓரத்தில் பழைய லேசர்த் தழும்புகள் வரிசையாக. மருதாணி வைத்த விரல் நுனி மாதிரி. அம்மாக்கள் திரையைச் செல்லில் போட்டோ எடுத்துப் போகிறார்கள்.

மத்தியானம் மித்ரா.

முசிறிப் பக்கம், வாழை போடும் குடும்பம். அப்பா முருகேசன், அம்மா செல்வி. பெண்ணுக்கு ஆறரை வயசு, ரெட்டைச் சடை, அப்பாவின் சட்டைப் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டே நடக்கிறாள். கூடத்தில் ஒழுங்காகத்தான் இருந்தாள். இமேஜிங் ரூம் கதவைத் திறந்து உள்ளே இருட்டையும் என் வெள்ளைக் கோட்டையும் பார்த்தாள். அவ்வளவுதான். அந்தச் சத்தம் கேட்டு பார்மசிக்காரர் ஓடி வந்தார்.

பிஸ்கட் கொடுத்துப் பார்த்தேன். பாட்டுப் போட்டேன். கோட்டைக் கழற்றினேன். அப்பா மடியில் உட்கார வைத்தோம். ஒருதடவை தாடையை வைத்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. கிடைத்த படம்: இமை. நல்ல தெளிவான இமை.

லதா மேடமும் முயன்று பார்த்தார். கடைசியில் அவர்களை உட்கார வைத்துச் சொன்னார்: "ஓரத்தை நான் பாத்தே ஆகணும். அங்க மெலிஞ்சு ஓட்டை விழுந்தா, விழித்திரை உரிஞ்சு வந்துரும். அப்பறம் பார்வையைத் திருப்பிக் கொண்டுவர்றது கஷ்டம். இவ ஒத்துழைக்கலைன்னா மயக்கம் கொடுத்துத்தான் பாக்கணும்."

செல்வி முகம் மாறிவிட்டது. "மயக்கம் வேணாங்க. பொறந்தப்ப பாத்தது போதும். மூச்சு நிக்கிறதும் வர்றதுமா, அந்தக் கண்ணாடிப் பொட்டிக்கு வெளிய நின்னு நின்னு... வேணாங்க."

"யோசிச்சுச் சொல்றோங்க" என்று முருகேசன் எழுந்துகொண்டார். யோசித்துச் சொல்கிறோம் என்றவர்கள் யாரும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

போகும்போது மித்ரா வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது. "அம்மா, அந்தக் கண்ணாடி அக்கா" என்று அம்மாவிடம் காட்டினாள். என் கண்ணாடியைத்தான் சொல்கிறாள். மைனஸ் எட்டு, சோடாபுட்டி. எனக்குப் பெயர் வைத்துவிட்டாள்.


ஜூலை 18, வெள்ளி

ஆடி வெள்ளி. பஸ்ஸில் சமயபுரம் கூட்டம், பாலத்தில் நின்று நின்று வந்தது. கீழே காவிரி இரு கரையும் தொட்டுப் போகிறது. கூட்டத்தில் என் டிபன் பாக்ஸ் யாருடைய கூடைக்குள்ளோ போய்விட்டது. கண்டெடுத்தவருக்கு லெமன் சாதம். நன்றாகவே செய்திருந்தேன்.

மித்ராவின் நினைப்பு போகவில்லை. செல்விக்குப் போன் போட்டேன். ஆஸ்பத்திரி என்றதும் குரல் இறுகிவிட்டது.

"மயக்கத்தைப் பத்திப் பேசலைங்க. மித்ராவுக்கு என்ன புடிக்கும்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

பின்னால் கோழிச் சத்தம்.

"புடிக்கறதுன்னா... செல்லுல போட்டோ புடிக்கறதுதான். எல்லாரையும் புடிப்பா. ஆடு, கோழி, அவங்கப்பா தூங்கறது. மூக்கு மேல இடிக்கிற மாதிரி கிட்டக்க போயி நின்னுகிட்டு எடுப்பா. அவள ஒண்ணு எடுக்கலாம்னு போனா மட்டும் ஓடிருவா."

கிட்டக்கப் போய் நின்று. அதைத் தனியாக மனதில் வைத்துக்கொண்டேன். லதா மேடமிடமும் சொன்னேன். லேசர் போட்ட பிள்ளைகளுக்கு மைனஸ் பவர் வந்து தூரம் மங்குவது வழக்கம்தான், யாராவது அவளைச் சோதித்தார்களா என்று கேட்டார். சோதிக்க விட்டால்தானே.

செல்வியிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "ஒரே ஒருதடவை கூட்டிட்டு வாங்க. அவள யாரும் படம் எடுக்க மாட்டோம். அவதான் எங்கள எடுக்கப் போறா."

"நெசமாவா?"

"சத்தியமா."

சத்தியம் பண்ணிய பிறகுதான் யோசித்தேன், அந்தக் கேமராவை ஒரு குழந்தை கையில் கொடுக்க மேடம் விடுவாரா என்று. கேட்டேன். "உடைஞ்சா உன் தலையில கட்டிருவேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான்.


ஜூலை 22, செவ்வாய்

எங்கிருந்து ஆரம்பிப்பது. ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன். இன்னொன்றில் பிளாஸ்திரி. வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்குள் வந்துவிட்டார்கள். மூன்று பேரும், ஒரு தார் பூவன் பழத்தோடு. இன்று கோட்டு இல்லை, சுடிதார். ரூம் விளக்கைப் போட்டுவைத்திருந்தேன். மித்ரா வாசலோடு நின்றுவிட்டாள்.

நான் அவளைக் கூப்பிடவில்லை. நேராகப் போய் நோயாளி உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து தாடையை வைத்துக்கொண்டு, "என்னை யாராவது ஒரு படம் எடுங்களேன். எல்லார் கண்ணையும் நான் எடுத்துட்டேன், என் கண்ண எடுக்க ஆளே இல்ல" என்றேன்.

அப்புறம் செருப்பு கழற்றும் சத்தம்.

வந்துவிட்டாள். அப்பா தூக்கி என் நாற்காலியில் உட்கார வைத்தார். எந்தப் பட்டன் என்று காட்டினேன். திரைக்கு அவ்வளவு கிட்டக்க முகத்தை வைத்துக்கொண்டாள், கண்ணாடியில் மூச்சுப் படிந்தது. கெட்டிக்காரி. உடனே அதிகாரம் வந்துவிட்டது:

"அக்கா, ஆடாதீங்க."

"ஆடலையே."

"ஆடுறீங்க. உள்ள என்னா தெரியுது?"

"பச்சையா ஒரு பொட்டு."

"அதயே பாருங்க. கண்ண மூடக் கூடாது. மூடுனா இமைதான் வரும்."

போன வாரம் அழுதுகொண்டே இதையெல்லாம் கேட்டிருக்கிறாள்! பட்டனை அழுத்தினாள். திரையில் என் வலது கண் விரிந்தது. ஐயோ, அவள் முகம்.

"அப்பா! அக்கா கண்ணுக்குள்ள வாழ வேரு!"

இடது கண்ணும் எடுத்தாள். அப்பாவை எடுத்தாள். அம்மாவை எடுத்தாள். செல்வி தன் விழித்திரையைப் பார்த்து வெட்கப்பட்டது தனி. பிறகு மித்ராவே ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து தாடையை வைத்தாள்.

"என்னோடதுல வேரு இருக்கான்னு பாருங்க."

வலது. இடது. இரண்டும் முதல் தடவையிலேயே. முருகேசன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

லதா மேடத்தைக் கூப்பிட்டேன். வந்து மித்ராவின் படங்களைப் பெரிசாக்கி, ஓரத்தை ஓர் அங்குலம் விடாமல் பார்த்தார். வலது, இடது, திரும்ப வலது. செல்வி முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"அருமையா இருக்கும்மா. ஒட்டியிருக்கு, ஒரு ஓட்டை கிடையாது. அன்னிக்குப் போட்ட லேசர் கல்லு மாதிரி நிக்குது. மயக்கமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

செல்வி அழுத அழுகை! அதற்கு மித்ரா, "அம்மா, நான்தான் அழல, நீ ஏன் அழுவுற?" என்றாள்.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது மேடம் சும்மா அடுத்த படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். நின்றார். பெரிசாக்கினார்.

"இது யாரு கண்ணு?"

"கண்ணாடி அக்காவோடது. நான் எடுத்தேன்" என்றாள் மித்ரா.

மேடம் என்னைப் பார்த்தார். வேலை விஷயமாகப் பார்க்கிற பார்வை இல்லை அது. நோயாளியைப் பார்க்கிற பார்வை. நானும் குனிந்து பார்த்தேன். வலது கண், கீழ் ஓரம். மைனஸ் பவரால் மெலிந்த இடத்தில் சின்னதாக, வட்டமாக ஓர் ஓட்டை. சுற்றிலும் மங்கலாக ஒரு வளையம். விழித்திரைக்கு அடியில் நீர் இறங்க ஆரம்பித்திருக்கிறது. தினமும் இதைத்தானே மற்றவர்கள் கண்ணில் தேடுகிறேன். சொல்லித்தர வேண்டியதில்லை.

"வித்யா, கண்ணுல மின்னல் மாதிரி ஏதாவது? கொசு பறக்கிற மாதிரி?"

"ஒண்ணும் இல்லை மேடம். நல்லாத்தான் தெரியுது."

"இப்போதைக்கு நல்லாத் தெரியும். சுத்தி லேசர் போட்டு இன்னிக்கே அடைச்சிரலாம். விட்டிருந்தா..." மித்ராவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு அவள் உயரத்துக்குக் குனிந்து, "நீ எடுத்த படத்துனாலதான் இந்த அக்காவுக்கு என்ன பிரச்சினைன்னு தெரிஞ்சுது. ரொம்ப நல்ல படம்மா" என்றார்.

மித்ராவுக்கு எவ்வளவு புரிந்ததோ. ஆனால் அதற்குப் பிறகு என்னை விட்டு நகரவில்லை.

பா.வுக்குப் போன். "லேசரா? யாருக்கு? உனக்கா? நீதானே எல்லாருக்கும் பாக்கறவ?" பத்தாம் வகுப்புப் பீரியடை அப்படியே விட்டுவிட்டு, கழுத்தில் விசிலோடு வந்து நின்றார். ஸ்ரீரங்கத்திலிருந்து அந்த நேரத்துக்குள் எப்படி வந்தார் என்று நான் கேட்கவில்லை.

லேசர் ரூமுக்குள் போகும்போது மித்ரா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, காதில், "ஆடாதீங்க. ஒண்ணும் வலிக்காது. பச்சப் பொட்டையே பாருங்க" என்றாள்.

கொஞ்சம் வலித்தது. அதைச் சொல்லப் போவதில்லை. இத்தனை வருஷம் அந்த லேசர் மெஷினின் தாடைத் தாங்கியைத் துடைத்து வைத்திருக்கிறேன். அதில் தாடையை வைத்தால் இவ்வளவு சில்லென்று இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. வெளிச்சம் பச்சை பச்சையாக வெடித்தது. நெற்றியை மேடம் ஆளை விட்டுப் பிடிக்கச் சொன்னார். ஆடினேன், நிஜமாகவே.

வெளியே வந்தால் பா.வும் முருகேசனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பூவன் பழம் தின்றுகொண்டிருக்கிறார்கள். விசில் மித்ரா கழுத்தில். நான் உள்ளே இருந்த நேரத்தில் அவள் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு, பவர் சோதனையும் முடித்துவிட்டாள். ஒரு சத்தம் இல்லையாம். விசில் சத்தம் தவிர.

மைனஸ் ஆறு. ரெண்டு கண்ணும்.

"அப்ப இவ்ளோ நாளு எம்புள்ளைக்குக் கரும்பலகையே தெரியலையா?" என்றாள் செல்வி.

"தெரியாதுன்னு அவளுக்கே தெரியாதும்மா. உலகமே அப்படித்தான் இருக்கும்னு நெனச்சிருப்பா" என்றார் மேடம். "கண்ணாடி போட்டதும் பாருங்க."


ஜூலை 23, புதன்

லீவ். பா.வும் லீவ்.

செய்யக் கூடாதவை என்று பா. சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்: குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தேங்காய் துருவக் கூடாது. மேடம் சொன்னது முதல் இரண்டுதான். மூன்றாவது இவர் சேர்த்தது. துருவுகிறேன் என்று தானே ஆரம்பித்து விரலைத் துருவிக்கொண்டார். ஆளுக்கொரு பிளாஸ்திரி.

கண் கொஞ்சம் உறுத்தல். படுத்தபடி யோசித்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, ஒரு அறிகுறியும் இல்லையே என்று. பயம் நேற்று வரவில்லை, இன்று மத்தியானம் வந்தது. பா.விடம் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பாப்பா மொத தடவையே சமத்தா உக்காந்து படம் எடுத்துக்கிட்டுப் போயிருந்தா?" என்றார்.

அதுதான். அன்றைக்கு அவள் அழாமல் இருந்திருந்தால், என் கண்ணை யாரும் எடுத்திருக்கவே மாட்டார்கள்.

அப்புறம் அவர் வைத்த சாம்பார் அடிபிடித்த வாசனை வந்தது.


ஜூலை 29, செவ்வாய்

காற்று அடித்து வாரிக் கொட்டுகிறது. ஆஸ்பத்திரி வாசல் முழுக்க வேப்பஞ்சருகு.

என் கண் பரிசோதனை. லேசர் நன்றாகப் பிடித்திருக்கிறது. ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள், வேலி போட்ட மாதிரி. மேடம்: "அடைச்சாச்சு. வருஷத்துக்கு ஒருதடவை நீயும் வந்து படம் எடுத்துக்கணும். கூப்பிட்டா வரணும், யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லக் கூடாது."

இப்போது இமேஜிங் ரூமில் புது முறை. அழுகிற பிள்ளைகள் வந்தால் முதலில் அவர்கள் என்னை எடுக்க வேண்டும். இன்று மட்டும் நாலு பேர் எடுத்தார்கள். திருச்சி ஜில்லாவிலேயே அதிகம் படம் எடுக்கப்பட்ட கண் என்னுடையதுதான். ஒரு பையன் என் லேசர்ப் புள்ளிகளைக் காட்டி, "இதென்ன, உங்களுக்கும் எனக்கு மாதிரியே இருக்கு?" என்றான். ஆமாம், நாமெல்லாம் ஒரே கட்சி என்றேன். கை கொடுத்துவிட்டுப் போனான்.

செல்வி போன். கண்ணாடி முசிறிக் கடைத்தெருவிலேயே செய்யக் கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை கிடைக்குமாம். "என்னா கலருன்னு கேட்டதுக்கு, கண்ணாடி அக்காவோடது மாதிரின்னுட்டா. உங்களுது என்னா கலருங்க?"

கறுப்பு. சின்னப் பிள்ளைக்குக் கறுப்பு வேண்டாம், ரோஸ் வாங்குங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை.


ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. விடியும்போதே தெருவெல்லாம் கூட்டம். பா. அதிகாலையிலேயே தேங்காய் சாதம், புளி சாதம் கிளறிவிட்டார். (தேங்காய் துருவினது பக்கத்து வீட்டு அக்கா. இவர் கிளறினார்.) உப்பு சரியாக இருந்தது. சொன்னேன். நம்பவில்லை, இரண்டு தடவை கேட்டார்.

அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகும் வழியில் போன். முருகேசன். "எங்க ஊர்லயும் ஆறு ஓடுதுங்க. ஆனா இவ இங்கதான் வரணும்னு ஒத்தக் கால்ல நின்னுட்டா. டோல்கேட்ல எறங்கி டவுன் பஸ்ல வந்துட்டோம். ஸ்ரீரங்கம் கோபுரத்துக்குக் கீழ நிக்கிறோம். கலசத்த எண்ணாம வர மாட்டேங்குறா. ஒண்ணு ரெண்டுன்னு தனித்தனியா தெரியுதாங்க. இப்ப மறுபடியும் மொதல்லேர்ந்து எண்றா."

பின்னால் மித்ரா குரல்: "அப்பா, பேசாதீங்க, மறந்துரும்!"

நாங்கள் படித்துறையில் கடைசிப் படிகளில் நின்றோம். தலை முழுகக் கூடாது என்று பா. என் கையைப் பிடித்தே வைத்திருந்தார், நான் என்னமோ குதிக்கப் போகிற மாதிரி. தண்ணீர் பழுப்பாக, சுழித்துக்கொண்டு. எங்கே பார்த்தாலும் மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி, பூ மிதக்கிறது. புதுப் பெண்டாட்டிக்கு யாரோ கயிறு கட்டுகிறார்கள். போலீஸ் மைக்கில், "இடுப்பளவுக்கு மேல போகாதீங்க, அந்தப் பச்சச் சட்டை, உங்களத்தான்."

அந்தக் கூட்டத்தில் நான் அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் என்னைக் கண்டுபிடித்தாள். மேல் படியிலிருந்து, அத்தனை தலைகளுக்கும் நடுவில், அப்பா தோளில் உட்கார்ந்துகொண்டு. முகத்தில் பாதி கறுப்புக் கண்ணாடிச் சட்டம். கையை நீட்டி, போலீஸ் மைக்கை விடச் சத்தமாக:

"அக்கா! நீங்க சிரிச்சா தெத்துப்பல்லு தெரியுது!"

படித்துறையே திரும்பிப் பார்த்தது. வாயைப் பொத்திக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு.